வாக்கியத்தில் அமைக்கவும்

“ஷி ஈஸ் எ நியூசன்ஸ்” என்று லேப்டாப்பைப் பார்த்து அழுத்தந்திருத்தமாகச் சொன்னான் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

உன்னை இல்லை என்று அவசரமாகச் சைகை காட்டி, விரலைச் சீலிங் பக்கம் நீட்டினான். திட்டு மேல்வீட்டுக்காரிக்கு.

அவள் முகத்தை அவன் பார்த்ததேயில்லை. குடிவந்த நாளாக அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாற்காலி இழுபடும் சத்தமும், தொம் தொம்மென்ற நடையும்தான்.

ஆங்கிலம் வராமல் அவன் சூப்பர்வைசர் ஆக முடியாது. அதனால் கம்பெனியே ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தது. டீச்சர் பாஸ் போட்டால் பதவி. இல்லாவிட்டால் பழையபடி கிரீஸும் ஸ்பேனரும்தான்.

நெட் சரியில்லை என்று டீச்சர் முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான் வரும். ஆனாலும் கெட்டிக்காரர். புதுச் சொல்லை உருப்போடாதீங்க, தெரிஞ்ச ஆள் ஒருத்தரை மனசுல வச்சு வாக்கியம் அமைங்க, ஜென்மத்துக்கும் மறக்காது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அவனுக்கு ஆள் தேடும் சிரமமே இல்லாமல் போயிற்று. பிடிவாதம், சுயநலம், முரட்டுத்தனம் என்று எந்தச் சொல் வந்தாலும் அலுங்காமல் தூக்கி மேல்வீட்டுக்காரி தலையில் கட்டினான். டீச்சர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த அம்மாவை நானும் ஒரு நாள் பார்க்கணுமே என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

படிக்கிற இங்கிலீஷ் அத்தனையும் திட்டத்தானா என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். அவன் காதில் வாங்கவில்லை. வகுப்பு நேரத்தில் மட்டும் மேலே சத்தம் அடங்கிவிடுவதைக் காட்டி, பார், இங்கிலீஷ் என்றால் அவளுக்கும் உதறல் என்று கேலி பேசினான்.

இன்று கடைசி வகுப்பு, வாய்மொழித் தேர்வு. நியூசன்ஸில் தொடங்கி, கேட்ட சொல்லுக்கெல்லாம் வெளுத்து வாங்கினான். ஒரே ஒரு சொல்தான் பாக்கி என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்து மேலே நாற்காலி கர்ரென்று இழுபட்டது. தேர்வன்றைக்குமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்காமல், ஒட்டடைக்கம்பை எடுத்துச் சீலிங்கில் டொக் டொக்கென்று நாலு இடி இடித்தான். மனசுக்கு அத்தனை ஆனந்தமாக இருந்தது.

“அங்க என்ன சத்தம்?” என்றார் டீச்சர்.

“மேல்வீட்டு நியூசன்ஸுக்குத்தான் டீச்சர், கீழேர்ந்து கம்பால நாலு இடி கொடுத்தேன். இனிமே வாலாட்ட மாட்டா.”

“டீச்சர், கேக்குதா?” என்று லேப்டாப்பைத் தட்டினான். நெட் போய்விட்டதோ என்று பதறிப்போனான். பாஸ் போடாமலே கட் ஆகிவிட்டால் பதவி என்ன ஆவது?

“கடைசிச் சொல்” என்று குரல் வந்தது. “அபாலஜி.”

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “மன்னிப்பு, டீச்சர். வாக்கியத்துல அமைச்சுச் சொல்லிடவா?”

“இப்படி வேணாம். மாடிக்கு வந்து சொல்லுங்க.”