ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1956-ஆம் ஆண்டு அன்னவாசலில் அறியாமை ஒழிந்தது. ஒழித்தவர் டாக்டர் ஆத்மநாதன். அதற்குச் சாட்சியாக மருதாயி அவர் எதிரே நின்றாள். போன மாதம் வலிப்புக்கு வைத்தியம் கேட்டு வந்து, வாய் திறக்கவிடாமல் அவர் செய்த பிரசங்கத்தை முழுசாகக் கேட்டுப் போனவள்.

"மாத்திரையை நடுவுல நிறுத்தினியா?"

"இல்லைங்க. நீங்க சொன்னபடி தெனம் ராத்திரி ஒண்ணு."

"ஒருநாள் மறந்துட்டு மறுநாள் ரெண்டாப் போட்டியா?"

"அய்யய்யோ, அது ஆகாதுன்னீங்களே!"

டாக்டர் பூரித்துப் போனார்.

"தூக்கம் எப்படி?"

"அடுப்பு முன்னாடியே சொக்கி விழுறேங்க."

"பழகிட்டா சரியாப் போயிரும். வலிப்பு நின்னுருச்சா?"

"எங்கிட்டு நின்னுச்சு? நேத்துக்கூட வரப்புல விழுந்துட்டாரு."

"விழுந்துட்டாரா? யாரு?"

"எங்க வீட்டுக்காரருதான்."

"அப்ப மாத்திரையை நீ ஏன் முழுங்கினே?"

"நீ சாப்பிடணும், நீ நிறுத்தக் கூடாதுன்னு என்னையத்தானே வெரட்டுனீங்க? வெள்ளிக்கிழமை வெரதமும் அவருக்காக நாந்தான் இருக்கேன். இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

டாக்டர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நோயாளி வாசலில் வண்டிமாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். போன மாதமும் அங்கேதான் நின்றிருந்தார்.