வெள்ளிக்கிழமை சுடுறோம்

விருத்தாசலம் வெண்களி பாலிடெக்னிக்கின் இணையதளத்தில், வருகிறவர்கள் கருத்து எழுதும் பக்கத்தில், புதன்கிழமை காலை அந்த வரி கிடந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். எழுதியவர் பெயர் இல்லை.

'வெள்ளி காலைல சுடுறோம். பிரின்சிபால் கண்டிப்பா இருக்கணும்.'

தளத்தைக் கவனித்துக்கொள்ளும் அறிவழகன் அதைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் படித்தான். தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று பார்த்தான். எதிலும் அவனுக்கு முதல் சந்தேகம் தன்மேல்தான்.

அந்தப் பக்கமே அவனுடைய யோசனை. தேர்வு முடிவு, விண்ணப்பம் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது, பார்க்கிறவர்கள் நாலு வார்த்தை எழுதவும் இடம் வேண்டும் என்று கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். அவனுடையது தற்காலிக வேலை. தளம் நல்லபடியாக ஓடினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். நல்லபடியாக ஓடியதில் கொலை மிரட்டல் வந்து நிற்கிறது.

பிரின்சிபால் விருத்தகிரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். முகம் வெளுத்தது. அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் சிவந்தது.

"'தங்கள் கருத்துக்கு நன்றி. மீண்டும் வருக!' இன்னாப்பா இது? அவன் என்னைச் சுடுறேங்கிறான். நீ நன்றி சொல்லி, திரும்பவும் வாங்கன்னு கூப்பிடறியே?"

"நான் போடலீங்க சார். யார் எழுதினாலும் தானா வரும். ஒரு மரியாதைக்காக..."

"மரியாதை! சனிக்கிழமை நான் உயிரோட இருந்தேன்னு வெச்சிக்கோ, அந்தப் பக்கமும் இருக்காது, நீயும் இங்க இருக்க மாட்ட."

சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தராஜ் வந்தார்.

"உங்களுக்கு யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்குதா சார்?"

"இங்க நானூறு பசங்க படிக்கிறாங்க" என்றார் விருத்தகிரி.

பிரின்சிபால் அறை வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். மறுநாள் ஆனந்தராஜ் லுங்கி கட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றினார். வழி காட்ட அறிவழகன் கூடவே போனான். பின்பக்கக் கொட்டகையை நெருங்கியபோது உள்ளே இரண்டு மாணவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தலை ஓகேவாடா?"

"தலை ஓகே. கழுத்துலதான் ஈரம் இருக்குது. அப்படியே சுட்டா வெடிச்சிடும்."

"அப்ப மெதுவாத்தான் சுடணும். பிரின்சிபாலுக்கு மூக்கு போச்சுன்னா கனிமொழி மேடம் நம்மளக் கொன்னுடுவாங்க."

ஆனந்தராஜ் துப்பாக்கியோடு பாய்ந்தார். பையன்கள் கையைத் தூக்கினார்கள். நாலு கையிலும் முழங்கை வரை களிமண். அவர்களுக்கு நடுவே, பலகையின் மேல், மண்ணில் செய்த, கண்ணாடி போட்ட விருத்தகிரியின் தலை உட்கார்ந்திருந்தது.

சத்தம் கேட்டு பீங்கான் பிரிவு விரிவுரையாளர் கனிமொழி ஓடி வந்தாள்.

"சார், சார்! பிரின்சிபால் இங்க வந்து பத்து வருஷம் ஆகுதுங்க. அதுக்காகச் சிலை செய்யறோம். நாளைக்கு ராகு காலத்துக்கு முன்னாடி சூளையில வெக்கிறோம். அவருக்குத் தெரியாம இருக்கட்டும்னுதான்..."

"தெரியாம இருக்கிறதுக்கா இன்டர்நெட்ல போட்டீங்க?"

"எங்க பசங்க எவனாச்சும் போட்டிருப்பான் சார். இந்த ஊருல சுடறதுன்னா சூளையில சுடறதுதான். வேற இன்னா அர்த்தம் இருக்குது?"

ஆனந்தராஜ் துப்பாக்கியை லுங்கியில் செருகப் பார்த்து, முடியாமல் அறிவழகனிடம் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரியே சூளைக்கு முன்னால் கூடியது. தன் தலை உள்ளே போவதைப் பார்த்து விருத்தகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அறை வாசலில் நின்ற கான்ஸ்டபிளையும், கேட்டில் இருந்த வாட்ச்மேன் நடராசனையும் ஆள் விட்டு அழைத்தார்.

"இனிமே அங்க இன்னா காவல்? வாங்கப்பா, கேசரி இருக்குது."

ஆனந்தராஜ் இரண்டாவது தட்டை வாங்கிக்கொண்டிருந்தபோது, விருத்தகிரி அறிவழகனின் தோளில் கை போட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். 'மீண்டும் வருக'வும் இருக்கட்டும், அதுல ஒரு மரியாதை இருக்குது. திங்கக்கிழமை உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக, தான் ஏதோ சரியாகச் செய்துவிட்டோமோ என்று அறிவழகனுக்குச் சந்தேகம் வந்தது.

கேசரிக் கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் பிரின்சிபால் அறைக்குத் திரும்பினார்கள். கதவு திறந்து கிடந்தது. இணையதள வேலைக்கென்று போன மாதம் வாங்கிய புது கம்ப்யூட்டர் இல்லை. மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, யுபிஎஸ் இல்லை. மேசையில் மவுஸ் மட்டும் வாலைத் தொங்கவிட்டுக் கிடந்தது.

யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனிமொழி தன் மாணவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டாள். அந்த வரியைத் தான் போடவில்லை என்று எல்லாருமே சத்தியம் செய்தார்கள்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் லேபில் அறிவழகன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். ஒரு தோளுக்கு மேல் விருத்தகிரி, இன்னொரு தோளுக்கு மேல் ஆனந்தராஜ். புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அதே ஆங்கில எழுத்துத் தமிழ்.

'சொன்ன மாதிரியே சுட்டுட்டோம். பிரின்சிபால் சூளைகிட்ட இருந்தது ரொம்ப உதவி. அவசரத்துல மவுஸைத்தான் விட்டுட்டு வந்துட்டோம்.'

அதற்குக் கீழே, மரியாதை குறையாமல், தானாக வந்து நின்றது:

'தங்கள் கருத்துக்கு நன்றி. மீண்டும் வருக!'