பத்து ஆட்டத் தடை

மகள் துர்க்கா கனடாவின் அஜக்ஸ் நகர மைதானத்தில் பேஸ்போல் விளையாடிக்கொண்டிருந்தாள். குலசிங்கம் வெளியே காருக்குள் இருந்து றேடியோவைக் கேட்டுக் கொதித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்ப் போத்தல் எடுக்க வந்த மனைவி பாலேஸ்வரி, "ஏன் முகம் சிவந்து கிடக்கு?" என்றாள்.

"உந்த வெல்மாருக்குத் திரும்பவும் பத்து ஆட்டம் தடையாம்."

வெல்மார் எறிந்தால் பந்து வந்ததே தெரியாது. அப்படியொரு கை. வாய்தான் அவனைக் கெடுத்தது. முப்பது வயதுக்குள் மூன்று அணிகள் அவனைக் கைகழுவிவிட்டன. இது நாலாவது.

"என்ன செய்தவன்?"

"அம்பயரை ஸ்பானிஷில தூசணத்தால பேசிப்போட்டான். விளங்காதெண்டு நினைச்சிருக்கிறான். அந்தாளின்ர தாய் மெக்சிக்கோக்காரியாம்."

"பாவம்."

"என்ன பாவம்? இந்த ஊரில ஆருக்கு என்ன பாஷை விளங்குமெண்டு ஒரு யோசனை வேண்டாமே? மடையன்." ஸ்டியரிங்கில் குத்தினார். ஹோர்ன் அலறியது.

மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. குலசிங்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். வேலிதான் தெரிந்தது.

"துர்க்காவோ அடிச்சவள்?"

வெளியே நின்ற பாலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஓம்" என்றாள். போத்தலை எடுத்துக்கொண்டு கதவில் கை வைத்தாள். "அவனைப் பத்து ஆட்டம் முடிய உள்ள விடுவினம். உங்களை அடுத்த வருசம்தான் விடுவினம். அண்டைக்கு முகமூடி போட்டுக்கொண்டு நிண்ட அம்பயர் தமிழ்ப் பெடியனெண்டு உங்களுக்கும் தெரியேல்லைத்தானே."