அச்சு அசல்

விண்வெளி வீரர்களின் கையெழுத்துகளை இருபது வருடமாகச் சேர்த்துவரும் சேதுமாதவனுக்குக் காலையிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நிலவைச் சுற்றி வந்த ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதே மனிதருடைய இன்னொரு கடிதம் இன்று காலைத் தபாலில் வந்திருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெயிலடிக்கும் ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. கடைசிச் சுழிகூட மயிரிழை விலகவில்லை.

"மெஷின் போட்டது," என்று மனைவி அமுதவல்லியிடம் கத்தினார். "மனுஷன் கை ரெண்டு தடவை ஒரே மாதிரி போடாது. கொஞ்சமாவது விலகும். நான் எழுதினதப் படிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

மற்ற கடிதங்களையும் இழுத்துப்போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அறைக்கும் அலைந்தார். அமுதவல்லி அலமாரியிலிருந்து மகளின் ஆறாம் வகுப்புப் பள்ளி டைரியை எடுத்தாள். இரண்டு தாள்களைக் கிழித்து நீட்டினாள்.

"இதையும் வச்சுப் பாருங்க. நீங்க போட்டதுதான்."

சிரித்துக்கொண்டே வாங்கி வெயிலில் பிடித்தார். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. அவசரத்தில் அவர் இழுத்துவிடும் வால்கூட விலகவில்லை.

கையெழுத்துக்கு மேலே சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். 'குழந்தை யாரிடமும் பேசுவதில்லை. அப்பா நேரில் வரவும்.'

முன்தாளை மெல்ல விலக்கினார். பின்தாளில், ஒரு மாதம் கழித்த தேதியில், அதே சிவப்பு மை.

'அப்பா இன்னும் வரவில்லை.'