கதவுக்கு அடியில் வந்த காகிதம்

கதவு தட்டப்பட்டதும் ஒடிலியா டிவியை அணைத்தாள்.

"திறக்காதீங்க. ஜன்னல் பக்கமும் போகாதீங்க, நிழல் தெரியும்" என்றாள் மெல்ல.

எஃப்ராயின் சோஃபாவுக்குப் பின்னால் குந்தினார். "எத்தனை பேரு?"

அவள் திரையோரமாகப் பார்த்தாள். "எட்டுப் பேரு. ரெண்டு வேன். ஒருத்தர் கையில காகிதம்."

"கொல்லைப்பக்கமா ஓடிடட்டுமா?"

"அங்கயும் ஆள் நிக்கும். முதல்ல போனை அணைங்க."

அடுப்பில் சோள ரொட்டி தீய்ந்தது. இருவரும் அசையவில்லை.

"உள்ளதான் இருக்காரு, கார் நிக்குது" என்றது வெளியே ஒரு குரல். மறுபடி பலமான தட்டல்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூச்சு விடாதீங்க" என்றாள்.

கடைசியில் கதவுக்கு அடியில் காகிதம் நுழைந்தது. வேன்கள் கிளம்பின. எஃப்ராயின் அதை எடுத்துப் படித்தார்.

'எம்.பி. அவர்களுக்கு, குடியேறிகளைக் காக்கும் மசோதாவை ஆதரிப்பதாகச் சொல்லித்தான் எங்கள் ஓட்டை வாங்கினீர்கள். வாஷிங்டனில் ஏன் எதிர்த்து வாக்களித்தீர்கள்? நேரில் வந்து பதில் சொல்லுங்கள். இப்படிக்கு, உங்கள் தொகுதி மக்கள்.'

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தப்பிச்சேன். சமைக்க வந்த உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

ஒடிலியா கருகிய ரொட்டியை எடுத்துப் போட்டாள்.

"நீங்க அந்த ஓட்டைப் போட்டதிலேர்ந்து எங்க தெருவுல தினமும் இதுதான் ஐயா. இங்க காகிதத்தைப் போட்டுட்டுப் போறாங்க. அங்க குடியேற்றப் போலீஸ் வந்து ஆளைக் கூட்டிட்டுப் போறாங்க."