நாட் என்கிற ஊர்

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற கஸ்பார், மனைவி இறந்த பிறகு ராயபுரத்தில் ஒண்டியாக இருந்தார். 1927இல் ஒரு காலை, கப்பல் கலாசியின் மனைவி கன்னியம்மா ஓர் இங்கிலீஷ் கடிதத்தை அவரிடம் நீட்டினாள்.

புயலில் அவள் புருஷன் போன கப்பல் மூழ்கிவிட்டது, தேடியதெல்லாம் 'நாட்' ஆயிற்று என்று எழுதியிருந்தது. அந்தப் பழைய இங்கிலீஷ் சொல்லுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். பூஜ்யம், பாழ் என்றும் சொல்வார்கள். 'நாட்' என்று முணுமுணுத்த கஸ்பார், அவள் முகத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிட்டார்.

"நாட்டுன்னு இன்னாமோ முணுமுணுத்தியே, அது இன்னா ஐயா?"

"ஊரும்மா. ரங்கூனுக்கு அப்பால. தப்பிச்சவங்கள அங்கதான் வெச்சிருக்காங்களாம்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவள் மீன் குழம்போடு வந்துவிடுவாள்.

"நாட்டுல மழ பேயுதா ஐயா? மீனு கெடைக்குதா?"

அவளுக்காக அவர் அந்த ஊரில் தெரு போட்டார், சந்தை வைத்தார். வாரம் முழுக்க அவர் வாய்திறந்து பேசுவது அந்த ஒருநாள்தான்.

ஏழு வருஷம் கழித்து நெஞ்சுவலியில் படுத்தபோது, அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"கன்னியம்மா, அப்படி ஒரு ஊரே இல்ல. ஒன்னுமில்லன்னுதான் அதுக்கு அர்த்தம். என்னை மன்னிச்சுடு."

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும் ஐயா. கடுதாசி குடுத்தப்பவே கப்பல் ஆபீசுல சொல்லிட்டாங்க. வேற யாராச்சும் வேற மாதிரி சொல்ல மாட்டாங்களான்னுதான் உன் வூட்டுக்கு வந்தேன்."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன் வாயிலதான் அந்த மன்சன் இன்னும் உசுரோட கீறாரு. கொஞ்சம் எழுந்து குந்து ஐயா. அங்க இன்னா சேதி, சொல்லு."