ரீல் விட்ட ரீல்

கஸ்பாரின் தூண்டில் ரீலைச் சுற்றும்போதெல்லாம் உள்ளே கரகரவென்று சத்தம் வந்தது. திறந்து பார்த்தால் தூக்கிப் போட்டுவிடுவார் என்று ரீலுக்குப் பயம்.

"எனக்கு ஒண்ணுமில்லைண்ணே. இந்த நைலான் நரம்புதான் முறுக்கிக்கிட்டு உயிரை வாங்குது" என்றது. கஸ்பார் நரம்பை மாற்றினார். சத்தம் போகவில்லை.

"உப்புக்காத்துண்ணே. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்."

விட்டார். வாரா வாரம் விட்டார். சத்தம் கூடத்தான் செய்தது.

ஒருநாள் பெரிய பாறைமீன் ஒன்று மாட்டியது. ரீல் பாதியிலேயே இறுகி நின்றது. நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. கஸ்பார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"சத்தியமா எனக்கு ஒண்ணுமில்லை" என்று ரீல் நடுங்கியது.

"ரீல் விடாதே" என்ற ஸ்க்ரூடிரைவர் மூடியைக் கழற்றியது.

பல்சக்கர இடுக்கில், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு மணல் துகள். கஸ்பார் அதைத் துணியால் துடைத்தெடுத்து, மூடியை மாட்டிச் சுற்றினார். சத்தமே இல்லை.

"அப்பாடா!" என்றது ரீல்.

துணியிலிருந்தும் ஒரு "அப்பாடா!" கேட்டது.

"கதவைத் திறடான்னு ஆறு மாசமா உள்ளே கத்தினது நான்தாண்டா" என்றது மணல்.